கனமான அயனிதான் குளிருமா? – ஒரு விதியின் திறனாய்வு

காய்ச்சிய பாலைச் சித்திரை வெயிலில் விரைவாக ஆற்றத் திருநெல்வேலி வீடுகளில் என்ன செய்கிறோம்? பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கிறோம். பாலின் சூடு தண்ணீருக்குப் போகிறது. மின்பொறியில் பிடித்து வைத்த அயனியையும் குளிர்ந்த அணுக்களிடையே விட்டால் ஆறிவிடும் என்றே தோன்றும். ஆனால், சில சமயம் அயனி மேலும் சூடேறிப் பொறியை விட்டே ஓடிவிடுகிறது. ஏன்?

திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம் அயனியை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பொறியின் நட்டநடுவில் புலம் சுழி. விலக விலக ஆட்டம் மிகும். ஆட்டத்தினிடையே அணுவொன்று மோதினால் தாளம் கெட்டு, புலத்தின் ஆற்றல் அயனியின் வேகத்தோடு சேர்கிறது. மாட்டுவண்டிமேல் கூழாங்கல் பட்டால் வண்டி திசைமாறாது. கூழாங்கற்களே மோதிக்கொண்டால் இரண்டும் சிதறும். எனவே, குளிர்விக்கும் அணுவைவிட அயனி கனமாக இருக்கவேண்டும் என்று மேஜரும் டேமெல்ட்டும் 1968-இல் கூறினர். குளிர் அணுக்கள் பொறி முழுவதும் பரவியிருக்கின்றன என்பது இவ்விதியில் மறைந்துள்ள நிபந்தனை.

பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் ரங்வாலா குழுவினர் அந்த நிபந்தனையை மாற்றினர். லேசராலும் காந்தப்புலத்தாலும் குளிர்வித்த ருபிடிய அணுக்களைப் பொறியின் நடுவில் மட்டும் சிறு முகிலாக நிறுத்தினர். ருபிடிய அயனியும் அணுவும் ஒரே எடை. ஆயினும் அயனிகள் குளிர்ந்தன. முடிவு 2012-இல் வெளிவந்தது.

சான்று எத்தகையது? ருபிடிய அயனியைக் கண்ணுறு ஒளியால் ஒளிரச் செய்ய இயலாது. ஆகவே, அணு முகில் இருக்கும்போதும் இல்லாதபோதும் எத்தனை அயனிகள் தங்குகின்றன என்று எண்ணினர். மறைமுகச் சான்றுதான், ஆனால் ஒப்பீடு நேர்மையானது.

ஓர் ஐயம் எழலாம். வேகமான அயனி மெதுவான அணுவிடம் எலெக்ட்ரானைப் பெற்று வெளியேறினால், அந்த அணுவே மெதுவான புது அயனியாகிவிடும். குளிர்ச்சி மோதலாலா, இந்த ஆள்மாறாட்டத்தாலா? 2017-இல் அதே குழு நிறை எண் 39 கொண்ட பொட்டாசிய அயனிகளை, நிறை எண் 85 கொண்ட ருபிடிய அணுக்களால் குளிர்வித்தது. தனிமங்கள் வேறாகையால் ஆள்மாறாட்டம் இங்கு உதவாது. இந்த இரண்டாம் சோதனையே சிறந்தது என்பது என் கருத்து.

மூலக்கூறுகளுக்கு இம்முறை ஏற்றதா? குறை இங்கேதான். ருபிடியம் எலெக்ட்ரானை எளிதில் இழக்கும். மூலக்கூறு அயனிகள் பெரும்பாலும் அதைப் பறித்து, மின்னேற்றமிழந்து நழுவிவிடும். மேலும், மூலக்கூறின் சுழற்சியும் அதிர்வும் அடங்கினாலன்றி நிறமாலை தெளியாது. எலெக்ட்ரானை எளிதில் விடாத ஹீலியமே அங்கு தக்கது. கெர்லிக் அமைத்த 22 தண்டுப் பொறியின் அகன்ற நடுப்பகுதியில் புலம் மிகக் குறைவு. அத்தகைய பொறியில் 60 கார்பன் அணுக்களாலான பந்து மூலக்கூறின் அயனியை ஏறத்தாழ 6 கெல்வினுக்குக் குளிர்வித்தனர் பேசல் பல்கலைக்கழகத்தினர். விண்மீன்களின் இடைவெளியில் காணப்பட்ட இரு நிறமாலைப் பட்டைகள் அதற்குரியவை என்று 2015-இல் காட்டினர்.

பெங்களூர்க் குழுவினர் அணுக்களைப் புலமற்ற நடுவுக்குள் அடக்கினர். கெர்லிக் அந்த நடுவையே விரித்தார். வழி இரண்டு, கருத்து ஒன்று. மாணவ நண்பரே, பாடநூலில் அடுத்து ஒரு விதியைப் படிக்கும்போது, "எந்த நிபந்தனையில்?" என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.