அறலும் பரட்டையும்

போன வாரம் அக்கா மகள் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டுச் சுருட்டை முடி அவளுக்கும் வந்திருக்கு. டப்பாவில் 'டீப் கண்டிஷனர்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே மூன்று வாக்குறுதிகள் சிறிதாகவும் இருந்தன: முடிக்கு ஊட்டம் தரும், சேதத்தைச் சரிசெய்யும், அடங்காத முடியை அடக்கும். "சித்தி, இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள். வகுப்பில் அவளுக்குப் 'பரட்டை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டப்பாவைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை.

கவிதையை வரி வரியாகப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. டப்பாவையும் அப்படியே படித்தேன்.

ஊட்டம் என்பது சுத்தப் பொய். தோலுக்கு வெளியே வந்த முடி உயிரில்லாத கெரட்டின். அது எதையும் சாப்பிடாது. ஊட்டம் போகவேண்டிய இடம் தோலுக்கு அடியில் இருக்கிற வேர். அது ரத்தம் வழியாகத்தான் போகும். சரிசெய்வது என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். முடியின் மேல் ஓடு போல அடுக்கியிருக்கிற செதில்கள் பெயர்ந்தால் திரும்ப முளைக்காது.

ஆனால் பொருள் வேலை செய்கிறது என்பதையும் சொல்லணும். அலசிய முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு மாதிரியானவை நேர் மின்னூட்டம் கொண்டவை. போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் சேதமான இடங்களில் கூடுதலாக. கூடவே சீட்டைல் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள் வழவழப்பு தரும். (ஆல்கஹால் என்ற பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது முடியைக் காயவைக்கிற வகை இல்லை.) முடிக்கு முடி உரசுவது குறையும், சிக்கு விழாது, சீவும்போது அறுந்து வராது. சுருட்டை முடிக்கு இது ஏன் அதிகம் தேவை என்றால், தலையில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும், சுருளின் வளைவுகளைத் தாண்டி இறங்காது. அதனால்தான் வேர்ப்பக்கம் பிசுக்காக இருக்கும்போதே நுனி வைக்கோலாக இருக்கு. 'டீப்' என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கெட்டியான கண்டிஷனர், கொஞ்சம் கூடுதல் நேரம். ஈர முடியில் நடுவிலிருந்து நுனிவரை தடவி, இருபது நிமிஷம் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் தலையணைதான் ஊறும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிறது. அதே சுண்ணாம்புதான் முடியிலும் படிந்து விறைக்கவைக்கிறது. கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தாலே வித்தியாசம் தெரியும். டப்பாவில் இதை யாரும் எழுதமாட்டார்கள்.

சரி, "அந்தக் காலத்துல சீயக்காய்தான், பாட்டிக்கு முடி எப்படி இருந்துச்சு பாரு" என்கிற கட்சிக்கு வருவோம். சீயக்காய் அழுக்கு எடுப்பது. அதன் நுரையில் இருக்கிற சப்போனின் எண்ணெயையும் சேர்த்துத்தான் எடுக்கும். பாட்டியின் கண்டிஷனர் வேறு இடத்தில் இருந்தது: கசக்கிய செம்பருத்தி இலையின் கொழகொழப்பிலும், சீயக்காயைக் கரைத்த வடிகஞ்சியிலும், குளிக்கும் முன் வைத்த தேங்காய் எண்ணெயிலும். 2003-இல் ரேலே, மொஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வில், அலசும்போது முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. பாட்டி பக்கம் நியாயம் உண்டு, ஆனால் சீயக்காயில் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது மூன்றாவது வரியில். அடக்கும் என்றால் என்ன? முடி என்ன குற்றம் செய்தது?

பழைய தமிழ் இந்த விஷயத்தில் டப்பாவைவிடப் பெருந்தன்மையானது. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே ஒரு பெயர். அந்த ஐந்து வகையில் ஒரு கணக்குப்படி 'சுருள்' ஒன்று. சங்கப் பாட்டில் கூந்தலுக்குத் திரும்பத் திரும்ப வரும் உவமை 'அறல்': ஆற்று நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாக நிற்கும் நெளிவு. நேர்கோட்டை யாரும் அங்கே கேட்கவில்லை. நம்ம ஊர் அருணகிரிநாதரிடம் வரும்போதுதான் சிக்கல். திருப்புகழில் எத்தனையோ பாட்டு பெண்ணின் குழலில் தொடங்கி, அதை ஒரு வலையாக்கி, அதிலிருந்து காப்பாற்றச் சொல்லி முருகனிடம் போகும். சந்தத்தில் சொக்கிப்போகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூந்தல் அங்கே ஏற்கெனவே குற்றவாளி.

இன்னொன்று. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரிலும் சடைமுடிச் சாமியார்களைப் பார்க்கிறோம், கையெடுத்துக் கும்பிடுகிறோம். சீவாத முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சடைதான். சாமிக்கே சடை என்றால் சிறப்பு. அதே ஊரில் ஒரு பெண் பிள்ளையின் முடி கொஞ்சம் எழும்பி நின்றால் பரட்டை. 1977-இல் வந்த '16 வயதினிலே'யில் ரஜினி செய்த கெட்டவனுக்கு அதுதான் பெயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சொல் முடியோடு நிற்காது, குணத்துக்கும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவையே அவள் தலையில் போட்டேன். உலர்ந்ததும் நெளிவு நெளிவாக விழுந்தது. "நேரா ஆகலையே சித்தி" என்றாள். ஆகாது, அதற்கு இல்லை இது என்றேன். அறல் என்றால் என்னவென்று போனில் ஆற்று மணல் படம் ஒன்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளாஸ்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க" என்றாள். சிரிப்பார்கள்தான்.

அடுத்த வாரமும் வருவாள். அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கி வைக்கணும்.