நாவல் முதனூல், திரைப்படம் வழிநூல்

நாவலொன்று திரைப்படமாக வெளிவந்த சில நாட்களுள் நம்மனோர் நாவிற் பிறக்கும் தீர்ப்புகள் இரண்டே. "நாவலைப் போல வரவில்லை" என்பது ஒன்று. "படத்தைப் பார்த்தாயிற்று, இனி நாவலை எதற்காக வாசிப்பான்?" என்பது மற்றொன்று. முன்னதை வாசித்தவர் கூறுவர். பின்னதை வாசியாதவர் கூறுவர். விடுதி முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் கடற்கரை மணலிலும் இவ்விரண்டையும் கேளாதார் இலர். பொழுதுபோக்குப் பேச்சுக்கு இவை போதுமாயினும் இலக்கியங் கற்பாருக்குப் போதா. முதலாவது தீர்ப்பு படத்தை ஆராயாமலே தள்ளிவிடுகின்றது. இரண்டாவது, நாவலைத் திறவாமலே மூடிவிடுகின்றது. நாவலின் முடிவை வினவினால் படத்தின் முடிவை விடையாக எழுதும் மாணாக்கர் இன்று பல வகுப்புகளில் உளர். இது நகைத்து விட்டுவிடுதற்குரிய செய்தியன்று.

தமிழிலே இவ்வினாவை அணுகுதற்குப் புதிய அளவுகோல் தேடவேண்டுவதில்லை. நூல்களை முதனூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியர், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். முன்னோர் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையுங் கூறி, மரபு அழியாது நிற்பதே வழிநூல் எனப் பவணந்தியார் விளக்கினார். வேறுபாடு வழிநூலுக்குக் குற்றமன்று. அஃது அதன் இலக்கணத்துள் அடங்கியதே. வான்மீகியிற் சுக்கிரீவனோடு கூடி வாழும் தாரை, கம்பனிடத்திலே மங்கலம் நீத்த கைம்பெண்ணாக இலக்குவன் முன் வந்து நிற்கின்றாள். "வான்மீகியைப் போல வரவில்லை" என்று கம்பனை யாரும் ஒதுக்கிவிட்டனரோ? அவ்வேறுபாடு காப்பியத்தின் சுவைக்கு என்ன செய்தது என்பதன்றோ நம் ஆசிரியர்கள் வகுப்பில் எழுப்பும் வினா! அவ்வினாவையே திரைப்படத்தின் பாலும் எழுப்புதல் தகும்.

இவ்வழியை நமக்குக் காட்டிச் சென்றவர் இக்காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகளாவர். 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் அடிகள் செகசிற்பியாரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் சந்திகளைக் கொண்டு அவற்றின் அமைதியைக் காட்டினார். ஆங்கில நாடகத்தை நம் நாடக நூன்முடிபு கொண்டு அளந்த துணிவு அது. அளக்கும் கோல் ஒன்றிருந்தால் எந்த மொழிக் கலையையும், எந்தப் புதுக் கலையையும் அளக்கலாம். விருப்பு வெறுப்புக்களைக் கோலாகக் கொள்வார்க்குத்தான் சொல்லுவதற்கு ஒரு வரிக்குமேல் இல்லாது போகின்றது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. மணியம் அவர்களின் ஓவியங்களோடு வாரந்தோறும் அதனைக் கண்ட வாசகருக்கு வந்தியத்தேவனின் முகம் அன்றே அமைந்துவிட்டது. ஆதலால் மணிரத்தினம் 2022 இலும் 2023 இலும் இரண்டு பாகங்களாக அதனைப் படமாக்கியபொழுது, அவர் கல்கியோடு மட்டுமன்றி மணியத்தோடும் போட்டியிட நேர்ந்தது. முகவொப்புமை பற்றி எழுந்த பேச்சிற் பெரும்பகுதி இதனால் எழுந்ததே; அதனை விடுத்து மேற்செல்வாம்.

ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடக்குவது தொகுத்தல். மணிமேகலை போன்றோர் விடுபட்டதைத் தொகுத்தலின் கண் மன்னிக்கலாம். ஆயின் சேந்தன் அமுதன் பற்றிய மாற்றம் அத்தகையதன்று. நாவலில், மதுராந்தகன் என்று வளர்ந்தவன் உண்மை மதுராந்தகன் அல்லன். பூமாலை தொடுத்துச் சிவத்தொண்டு செய்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் மகன். அரியணையை அவாவியவனுக்கு உரிமையில்லை, உரிமையுடையவனுக்கு அவாவில்லை. கல்கி கதையைத் 'தியாக சிகரம்' எனும் இறுதிப் பாகத்திற்கு ஏற்றிச் சென்றது இம்முரணின் மீதே. படத்தில் அவ்வாள்மாறாட்டம் இல்லை. அரசுக்காகச் சூழ்ச்சி செய்த மதுராந்தகனுக்கே அருள்மொழி முடியைச் சூட்டுகின்றான். பகைத்தவனுக்கு ஈவது அன்பனுக்கு ஈவதினும் அரிதாகலின், அருள்மொழியின் பெருமை படத்திலே சற்று மிகுந்தது என்றுகூட வாதிக்கலாம். இழந்தது யாது? விதியைப் பார்த்து நகைக்கும் கல்கியின் புன்னகை. எனது எண்ணத்தில் அவ்விழப்பு பெரிது. எனினும் இவ்வாறு எடைபோட்டுச் சொல்வதற்கு இரண்டினையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாற்றத்தால் முதனூலையும் மிஞ்சிய வழிநூலுக்கு 'முள்ளும் மலரும்' சான்று. உமாசந்திரனின் அந்நாவல் கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் 1966 இல் முதற்பரிசு பெற்றது. மகேந்திரன் 1978 இல் அதனைத் தம் முதற்படமாக இயக்கினார். ஒளிப்பதிவு செய்தவர் நமது மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலுமகேந்திரா. தங்கை வள்ளியின்மேற் கொண்ட பாசமும், எவர்க்கும் பணியாத செருக்கும் ஒன்றாய்ப் பிணைந்தவன் காளி. நாவலில் அவன் கையைப் பறிப்பது புலி. படத்திலோ, மேலதிகாரியான பொறியியலாளரால் வேலையினின்று தற்காலிகமாக நீக்கப்பட்டு, அச்சினத்தாற் குடித்து வீதியில் வீழ்ந்து கிடக்கையில் லாரி ஏறிக் கையை இழக்கின்றான். புலி வெளியிலிருந்து வருவது. அதற்கும் காளியின் குணத்துக்கும் உறவில்லை. லாரி விபத்து அவன் சினத்திலிருந்தே முளைத்தது. அடிகள் கூறிய முகத்தில் விதைத்த வித்து கருப்பத்தில் முதிர்வது இங்ஙனமே. இறுதியிலும், தங்கையை அப்பொறியியலாளனுக்கே மணஞ்செய்து கொடுக்க இசைந்த காளி, அவனை இன்னமும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றான். மனமாற்றம் என்னும் மலிந்த மருந்தை இயக்குநர் தொடவில்லை. "நாவலைப் போல வரவில்லை" என்னும் தீர்ப்பு இங்கே உண்மைதான். ஆயின் அது புகழுரையாக அன்றோ முடிகின்றது!

நாவல் செய்யவொண்ணாத ஒன்றைத் திரை செய்துகாட்டியதற்கு, கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' போதும். நாதசுரத்தை எத்துணைச் சொல் கொண்டு வருணித்தாலும் காகிதம் ஒலிக்காது. ஏ. பி. நாகராசன் 1968 இற் செய்த படத்திலே மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரரின் நாதசுரம் ஒலித்தபோது, வாசகன் ஊகித்துக்கொண்டிருந்தது செவிக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு மறுதலை ஜெயகாந்தன். 1966 இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையில், கெட்டுவந்த மகளின் தலையில் நீரை ஊற்றி, அச்செய்தியைத் தன்னோடு மறைத்துவிடுகின்றாள் தாய். மறைக்காது கதறியிருந்தால் என்னாகும் என்பதே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. ஆசிரியர் தமக்குத் தாமே வழிநூல் செய்துகொண்டார் என்க. 1972 இற் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்ற அந்நாவலுக்குத் திரைக்கதையும் அவரே எழுத, பீம்சிங் 1977 இற் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். ஆயினும் நாவலில் கங்கா தன்னோடு தான் பேசிக்கொள்ளும் பேச்சுக்கள் படத்தில் மற்றையோரோடு பேசும் வசனங்களாயின. மூலவாசிரியரே எழுதினாராயினும் திரைக்கு ஒரு தடை உண்டு. உள்ளத்தின் ஓட்டத்தை முகத்தாலன்றி அது காட்டமாட்டாது.

முகத்தை நம்பியே வென்றது நம் நாட்டுச் சிங்களப் படமாகிய 'கம்பெரலிய'. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் வெளியிட்ட நாவலை லெஸ்ட்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இற் படமாக்கினார். 1965 இற் புதுடில்லி விழாவில் அது தங்க மயில் விருது பெற்றது. நிலவுடைமைக் குடும்பமொன்று மெல்லத் தேய்வதை, வீட்டின் சுவரும் தூணும் முற்றமும் சொல்லிவிடுகின்றன. நந்தாவின் மௌனத்தைப் பீரிஸ் வசனமாக்கவில்லை. நாவலைத் தமிழிற் கற்க விழைவார்க்கு ம. மு. உவைஸ் அவர்களின் 'கிராமப் பிறழ்வு' என்னும் மொழிபெயர்ப்பு உண்டு.

ஈழத்துத் தமிழ் நாவலுள் திரைக்குச் சென்றவை மிகச் சில. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973 இல் நூலாகி, 1978 இற் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்திற் படமாயிற்று. வாடை பெயர்ந்ததும் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் கதை அது. நம் பகுதி வாசகர் அதனைப் படிக்குமிடத்து ஒரு சிறு வியப்பு எய்துவர். கார்த்திகை, மார்கழி வாடையில் நம் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும், தோணி கரையேறும். நெடுந்தீவிலோ அதே காற்றுத்தான் தொழிலைத் தொடங்கிவைக்கின்றது. ஒரே காற்று ஒரு கரையிற் பஞ்சமாகவும் மறுகரையிற் பருவமாகவும் இருப்பதைத் திரையில் அலையைக் காட்டிமட்டும் உணர்த்தல் அரிது. நாவலின் முதற் சில பக்கங்களை மெல்லப் படித்தவன் தன் ஊர்க் கடலை நினைந்து அங்கேயே சற்று நின்றுவிடுவான்.