பாடநூல் ஓரத்துக் கட்டம்

2018-இல் தமிழக அரசு வெளியிட்ட புதிய பாடநூல்களைப் புரட்டுவோர், பக்க ஓரங்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்களைக் காண்பர். திறன்பேசியில் வருடினால் காணொளி விரியும். அறிவியல் பாடங்களில் இதன் பயனை மனமாரப் போற்றுகிறோம். இதயத் துடிப்பை அசையாப் படம் எவ்வாறு விளக்கும்?

ஆயினும் ஒரு முரண் உள்ளே கிடக்கிறது. மாணவர் கையில் திறன்பேசி உண்டென்று கொண்டே நூல் பேசுகிறது. பள்ளி வாயிலோ அதைத் தடுக்கிறது. ஆகவே வகுப்பில் அக்கட்டம் ஊமை. வீட்டில்தான் வாய் திறக்கும். எந்த வீட்டில்? செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பில், தந்தையின் ஒரே கைப்பேசி அவரோடு காட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைக்கு எஞ்சுவது கறுப்பு வெள்ளைக் கட்டமே. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வேற்றத்தாழ்வு நாடெங்கும் வெளிப்பட்டது.

இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது. நூலுக்குக் கைப்பேசி பார்க்கும் கண்தான், எழுதும் கோலன்று. ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் பிறர் அமைத்த காட்சியையே சொடுக்கவைக்கிறது. 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த செண்பகத்தோப்புக் காட்டில் நரையணில் கிளைக்குக் கிளை தாவுகிறது. நால்வருக்கு ஒரு கைப்பேசி தந்து, ஆசிரியர் முன்னிலையில் அதன் குரலைப் பதிந்து வரச்சொல்லும் பயிற்சியை நாம் புரட்டிய பக்கங்களில் காணோம்.