கையெழுத்து இல்லாத இரவு

இம்ப்ரெஷனிச ஓவியம் என்றாலே “ஒளி செமையா இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த ஒளி, எங்கிருந்து வருது என்று கேட்பதில்லை. கமீல் பிஸாரோவின் ‘இரவில் மோன்மார்த்ர் பெருவீதி’ அப்படி நகரவிடாத ஓவியம்.

வருடம் 1897. பிஸாரோவுக்கு 66 வயது. கண்ணீர்ப்பையில் தீராத நோய். காற்றும் தூசியும் ஆகாது. வயலோரங்களில் நின்று வரைந்து பழகிய மனுஷன், பாரிஸில் ஒரு ஹோட்டல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஒரே தெருவை 14 முறை வரைந்தார். இரவில் ஒரே ஒரு முறைதான்.

அந்த ஒன்றில் மூன்று விளக்குகள் இருக்கின்றன. தெரு நடுவே வரிசையாக மின்விளக்குகள், குளிர்ந்த வெள்ளையில். கடைகளிலிருந்து வாயு விளக்கின் மஞ்சள். காத்து நிற்கும் குதிரைவண்டிகளில் எண்ணெய் விளக்குகள். மூன்று காலங்கள் ஒரே தெருவில் எரிகின்றன. ஆனால் படத்தின் ஈரமான சூழலை உண்டாக்குவது விளக்குகள் அல்ல, நனைந்த தரைதான். மூன்று வெளிச்சமும் அதில் விழுந்து கலங்கும்போதுதான் மழை பெய்து ஓய்ந்த இரவு நமக்குத் தெரிகிறது.

இந்த ஓவியத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இருந்தது. பிஸாரோ அராஜகவாதக் கொள்கையில் பற்றுள்ளவர். உழைக்கும் விவசாயிகளை மரியாதையோடு வரைந்தவர். அவர் மாடியிலிருந்து பார்த்து, மனிதர்களை வெறும் கறைகளாக்கிவிட்டாரே? வண்டியோட்டிக்கு ஒரு முகம்கூட இல்லையே?

திரும்பத் திரும்பப் பார்த்தபின் புகார் கரைந்தது. அந்த உயரத்தில், அந்த இருட்டில், நோயுற்ற கண்ணுக்கு முகம் தெரியாது. தெரியாத முகத்தை அவர் இட்டுக்கட்டவில்லை. வண்டியோட்டி அங்கே இருக்கிறான் என்பதற்கு அவனுடைய விளக்கு சாட்சி. அது போதும் என்று விட்டிருக்கிறார். இரக்கம் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு சோகமுகத்தை வரைந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

இதில் அவர் கையெழுத்திடவில்லை; உயிரோடு இருந்தவரை காட்சிக்கும் வைக்கவில்லை. அதனால் இதை முடியாத படம் என்று சிலர் ஒதுக்கலாம். எனக்கு இதில் சேர்க்க எதுவும் தெரியவில்லை.

போனில் பார்த்தால் தயவுசெய்து உடனே ஜூம் பண்ணாதீங்க. கிட்டே போனால் வெறும் தீற்றல்கள்தான். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, தெரு நனையும்.