தன் படத்தைத் தானே வெட்டுதல்

"சேர், என்ட பழைய படங்களையே வெட்டி ஒட்டிட்டு, இது புதுப்படம் எண்டு வெச்சா அது களவில்லையா?"

சித்திரம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. படித்த காலத்தில் கீறிய படங்கள் அவரது வீட்டு அலுமாரிக்கு மேல் சுருட்டிக் கிடக்கின்றன. எறிய மனமில்லை; சட்டமிட்டு மாட்டவும் அவற்றுக்குத் தகுதி காணாது. அவற்றை வெட்டி, வர்ணமும் துணியும் சேர்த்துக் கலப்பு ஊடகப் படைப்பொன்று செய்ய அவருக்கு ஆசை. கூடவே ஒரு குற்ற உணர்வு.

களவில்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், வெட்டி ஒட்டியது எப்போது புதிய படைப்பாகிறது, எப்போது மிச்சத்தைக் கழிக்கும் வேலையாக மட்டும் நின்றுவிடுகிறது என்பதைத்தான் விமர்சனம் கேட்க வேண்டும். அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் (1908–1984) இதை இரண்டு முறை, இரண்டு விதமாகச் செய்து பார்த்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் விளங்கும்.

1951இல் நியூயோர்க்கில் அவரது தனிக் கண்காட்சி நடந்தது. ஒரு படமும் விலைபோகவில்லை. பிறகு ஒருநாள், தன் வேலை அறைச் சுவரெங்கும் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பிடிக்காமல் போக, அத்தனையையும் கிழித்துத் தரையில் போட்டுவிட்டு வெளியேறினார். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, கிழிந்து கிடந்த துண்டுகள் முழுப் படங்களை விட அவருக்குப் பிடித்துப்போயின. அங்கிருந்துதான் ஒட்டுப்படங்கள் தொடங்கின. 1951இல் விற்காத கன்வஸ்கள் சிலவற்றையே அடித்தளமாக்கி, அவற்றின் மேல் துண்டுகளை ஒட்டி, தூரிகையாலும் தீட்டினார். கணவர் ஜக்சன் பொலொக் கழித்துப்போட்ட கன்வஸ் துண்டுகளும் சில படங்களில் சேர்ந்தன. 1955இல் இவை காட்சிக்கு வந்தன.

இவை பலமான படங்கள். ஆனாலும் அவற்றில் பழைய படம் ஒரு மூலப்பொருள் மட்டுமே. ஒரு துண்டு முன்பு என்னவாக இருந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. கடைக் கடதாசியை ஒட்டியிருந்தாலும் அந்த வடிவம் ஏறத்தாழ அப்படியே நின்றிருக்கும். கோபமும் சிக்கனமும் சேர்ந்து செய்த வேலை என்பேன்.

இரண்டாம் முறை அப்படியல்ல. 1930களின் பிற்பகுதியில் ஹான்ஸ் ஹொஃப்மனின் ஓவியப் பள்ளியில் அவர் கரித்துண்டால் கீறிய பயிற்சிப் படங்கள் பல ஆண்டுகள் கழித்து அகப்பட்டன. மாதிரியாக நின்றவர்களின் உடல்கள், பொருட்கள், அழித்து அழித்துக் கீறிய கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததால், சில தாள்களின் கரி எதிர்த் தாளில் படிந்து நிழல்போல இருந்தது. தன் இருபதுகளின் கடைசியில் கீறியவற்றை அறுபதுகளின் கடைசியில் வெட்டினார். இம்முறை கிழிக்கவில்லை, கூரான விளிம்புகளாக, நிதானமாக வெட்டினார். உடலின் வளைவைப் பின்தொடர்ந்து சில வெட்டுகள் போகின்றன. வேண்டுமென்றே அதைக் குறுக்கறுத்துச் சில போகின்றன. மாணவியின் தயக்கம் தாளில் அப்படியே தெரிகிறது. அதற்கு மேல் முதியவரின் முடிவும் தெரிகிறது. ஒரே தாளில் இரண்டு வயது.

1977இல் காட்டப்பட்ட இந்தப் பதினொரு படங்களுக்கும் இலக்கணத்திலிருந்து பெயர் வைத்தார்: ஏவல், நிகழ்காலம், எதிர்காலம் என்று. அவற்றுள் ஒன்று 'இறந்தகாலத் தொடர்வினை'. முடிந்துபோனதென்று நாம் நினைத்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லாப் படங்களுக்கும் பெயர் இவ்வளவு பொருந்தவில்லை. சிலவற்றில் பெயர் யோசிக்கிறது, படம் அலங்காரமாக நிற்கிறது. இன்னொன்று, நம்மில் அநேகர் இவற்றை அச்சுப் பிரதியில்தான் பார்க்கிறோம். வெட்டு விளிம்பின் தடிப்பு அதில் தட்டையாகிவிடுகிறது.

இது மேற்கத்தியருக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். பாரசீக எழுத்தணிக் கலையில் 'சியாஹ் மஷ்க்' என்றொன்று உண்டு. 'கறுப்புப் பயிற்சி' என்று பொருள். எழுத்தணியாளர் கைபழக எழுதிய தாளையே திருப்பித் திருப்பி வைத்து, எழுதியதன் மேலேயே மீண்டும் எழுதுவார், வெள்ளை குறைந்து தாள் கறுக்கும் வரைக்கும். 1615இல் மறைந்த மீர் இமாதின் பயிற்சித் தாள்கள்கூடப் பொக்கிஷமாகச் சேர்த்து வைக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் மிர்ஸா குலாம் ரிஸா இஸ்ஃபஹானி போன்றவர்களின் கையில் அது பயிற்சி என்ற நிலை கடந்து, தனிப் படைப்பாகவே ஆனது. அங்கே கத்தி இல்லை, பசை இல்லை. ஆனால் தன் பழைய கையெழுத்தை மறைக்காமல் அதன் மேல் வேலைசெய்யும் துணிவு இருக்கிறது.

நம் கலைஞருக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. அரபு எழுத்தணி பழகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆயத்துகளையே எழுதுகிறார்கள். அந்தத் தாளை வெட்டினால் அல்லாஹ்வின் திருநாமம் இரண்டாகலாம். வெட்டிய துண்டு காலடியில் விழலாம். "கலைதானே, பரவாயில்ல" என்று இதைக் கடந்துபோக முடியாது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன். கலையின் பக்கமிருந்து ஒன்று சொல்வேன்: இந்த அதபு கலைக்கு இடைஞ்சல் அல்ல. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் பிரித்துப் பார்க்கும் கண், நல்ல ஒட்டுப்படத்துக்கும் வேண்டிய கண்தான். அலிஃபும் பேயும் எழுதிப் பழகிய தாள் ஒன்று. ஆயத்து எழுதிய தாள் வேறொன்று.

அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வெட்டுங்கள், ஆனால் தாள் மிச்சமிருக்கு என்பதற்காக வெட்ட வேண்டாம். அந்த வயதில் எங்கே பயந்தீர்கள், எங்கே சரியாகப் பிடித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். பார்த்தபின் வெட்டிய இடம், பழைய படத்தைப் பற்றி ஏதாவது சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் அது களவில்லை, வெறும் ஒட்டுவேலை.

"அப்ப முதல்ல எல்லாத்தையும் இறக்கி விரிச்சுப் பாக்கணும்" என்றார் அவர். அங்கேதான் தொடங்க வேண்டும்.