கஞ்சியில் மறையும் பிழை

குரோஷாப் பின்னலை நேர்த்தியாக முடிப்பதற்கான யுக்திகள் என்று ஒரு தனிச் சாஸ்திரமே இப்போது பரவிவருகிறது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கங்களில் நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில், ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு, முடித்த துணிக்கு எப்படிக் கஞ்சி போடுவது, எப்படிக் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைப்பது, நூல் நுனியை எப்படிப் பசை தொட்டு மறைப்பது என்பவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அண்மையில் எங்கள் பக்கத்துக் கைவினைக் கண்காட்சி ஒன்றில், விறைக்க விறைக்கக் கஞ்சி ஏற்றிய வட்டமான மேசை விரிப்பு ஒன்றுக்கு முதற்பரிசு அளித்த நடுவர்கள், அதன் நேர்த்தியைப் புகழ்ந்ததோடு நில்லாமல், கைவேலையில் முடிப்பே பாதி வேலை என்று உபதேசமும் செய்தார்கள். அந்த அபிப்பிராயம் தவறானது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இந்த யுக்திகளில் பயனுள்ளவை பல உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நுனியைச் சாண் அளவு விட்டு வெட்டி, ஒரு பக்கமாகக் கோத்து, பிறகு எதிர்ப்பக்கமாகவும் திருப்பிக் கோத்தால் எத்தனை வெளுப்புக்கும் அது அவிழாது. நிறம் மாற்றும்போது, பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முடிக்கும் இழுப்பிலேயே புது நூலை ஏற்றிவிட்டால் எல்லைக்கோடு கலங்காது. பழவேற்காட்டுக் காற்று வீசும் எங்கள் ஊரில், வியர்க்கும் விரலில் சிறிது பவுடர் தடவிக்கொண்டு உட்காருவதும் புத்திசாலித்தனமே. பருத்தி நூலில் பின்னிய சன்ன வேலையை நனைத்து, துருப்பிடிக்காத ஊசிகளால் அளவுக்குப் பொருத்திக் காயவைத்தால்தான் அதன் துளைகள் கண் திறக்கும். இதை மறுப்பவர் குரோஷாவை அறிந்தவரல்லர்.

சென்னையிலிருந்து இயங்கும் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர், 2016 ஜனவரி 31ஆம் நாள், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை ஒன்றுசேர்த்து விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தபோது, வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்ட இவ்வேலைக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் அன்று அளக்கப்பட்டது பரப்பேயன்றிப் பின்னலின் சமம் அன்று. இன்று நம் கண்காட்சிகளில் அளக்கப்படுவது மேற்பரப்பின் விறைப்பு. பின்னும் கையை அளப்பதற்கு நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

நேர்த்தி என்பது எங்கே பிறக்கிறது? இடக்கையின் ஆள்காட்டி விரலின் மேலாகவும் சுண்டுவிரலைச் சுற்றியும் ஓடிவரும் நூலின் இழுப்பில் பிறக்கிறது, ஊசியால் மேலே தூக்கும் முதல் வளையம் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு எழுவதில் பிறக்கிறது, எண்ணிக்கையில் பிறக்கிறது. அஸ்திவாரச் சங்கிலியை இறுக்கிப் போட்டுவிட்டால் மேலே எத்தனை அழகாகப் பின்னினாலும் அடி ஓரம் வில்லாக வளையும். அந்தச் சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்தால் போதும். வரிசையின் முடிவில் திரும்பும்போது கடைசிக் கண்ணியைத் தவறவிட்டால் துணி மேலே போகப் போக ஒடுங்கும். அதே கண்ணியில் இருமுறை குத்தினால் அகலும். இவையெல்லாம் பின்னும் வேளையிலேயே நிகழ்ந்து, அப்போதே கண்ணுக்குத் தெரிந்து, அப்போதே திருத்தத்தக்கவை. முடித்தபின் செய்யும் உபாயம் எதுவும் இவற்றைத் திருத்தாது, மறைக்கத்தான் செய்யும்.

பரிசு பெற்ற விரிப்பை, உடையவரின் அனுமதியோடு, புரட்டிப் பார்த்தேன். ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றி எடுத்துப் பின்னும் நெட்டைக் கண்ணிகளால் ஆன வட்டம் அது. நடுவில் 12 கண்ணிகளோடு தொடங்கினால், சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்டி, 24, 36, 48 என்று விரிந்து செல்லவேண்டும். அப்போதுதான் வட்டம் தரையில் படியும். கூட்டல் குறைந்தால் ஓரம் கிண்ணமாக மேலெழும். மிகுந்தால் அலையலையாகச் சுருங்கும். இந்த விரிப்பில் ஆறாம் சுற்றில் 72 கண்ணிகள் இருக்கவேண்டிய இடத்தில் 68தான் இருந்தன. அடுத்த சுற்றில், விட்டதைப் பிடிப்பதற்காகவோ என்னவோ, ஒரே பக்கத்தில் நெருக்கமாகக் கூட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் பின்னல் முண்டியதைக் குண்டூசி வைத்து இழுத்து, கஞ்சியால் அமுக்கி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் படியவைத்திருந்தார்கள். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்த நடுவர்களின் விரலுக்கு அது அகப்படவில்லை.

அந்த விரிப்பு ஒருவர் வீட்டுக்குப் போகும். குழம்பு சிந்தும், ஒருநாள் அலசுவார்கள், கஞ்சி தண்ணீரோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தின் ஈரக்காற்றுக்கே கஞ்சி தளர்ந்துவிடும் என்பது கடலோரத்தில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். விறைப்புக்காகச் சர்க்கரைப் பாகில் நனைப்பது இன்னொரு பழைய யுக்தி. அது பிசுபிசுத்து எறும்பை அழைத்துவரும். ஆக்ரிலிக் நூல் வேலையைச் சொல்லவே வேண்டாம்: படியவில்லையே என்று ஆவியும் சூடும் மிகையாகக் காட்டிவிட்டால் அந்த நூல் உள்ளுக்குள் உருகித் தொய்ந்துபோகும், பிறகு எதனாலும் அதற்குப் பழைய துடிப்பு திரும்பாது. வட்டம் மீண்டும் கிண்ணமாக எழும்போது, வாங்கியவர் தம் துவைப்பைத்தான் குறை சொல்லிக்கொள்வார். ஆறாம் சுற்றை அவர் அறியார்.

இந்தக் கலைக்கு இயற்கையே அளித்திருக்கும் ஒரு பாக்கியத்தை நாம் அலட்சியம் செய்வதுதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். தவறாக மடித்த ஓலையைப் பிரித்தாலும் அந்த மடிப்புத் தழும்பு போகாது. மார்த்தா மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பரப்பிய திண்டுப் பின்னலில், பல நூற்கட்டைகளை ஒருங்கே மாற்றிப் போட்டுப் பின்னுவதால், பின்னோக்கிப் பிரித்துச் செல்வது பெருஞ்சிரமம். இரட்டை ஊசியில் கம்பளி பின்னுகிறவருக்கோ ஊசி நிறையக் கண்ணிகள் உயிரோடு நிற்கின்றன. ஒன்று நழுவினால் கீழ்வரை ஓடிவிடும். குரோஷாவில் மட்டும் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது பொதுவாக ஒரே வளையம். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், பிழை நேர்ந்த கண்ணி வரையில் துணி தானாகவே நூலாகித் திரும்பிவரும். அங்கே ஊசியைச் செருகி மறுபடி தொடங்கலாம். சேதம் நேரத்துக்குத்தான். அவிழ்ப்பதே குரோஷாவின் தலையாய நேர்த்தி முறை. நான் பார்த்த பயிற்சிக் குறிப்புகளிலோ, பரிசு நிபந்தனைகளிலோ, அவிழ்ப்பது என்ற வார்த்தையே கிடையாது. ஒரு வகுப்பில் ஒரு பெண் தன் துணியின் ஓரம் ஒடுங்குவதைக் காட்டி, “அவுக்கட்டுமா அக்கா?” என்று கேட்டபோது, “வேணாம்மா, பார்டர் வெச்சா தெரியாது” என்று பதில் வந்ததை நான் காதாரக் கேட்டேன்.

இதற்குச் சமாதானம் ஒன்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பெண்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கில் கிடைக்கிறது. அவிழ்த்த வேலைக்கு யார் காசு தருவார்கள், மறைத்தாவது நாலு காசு பார்க்கட்டுமே என்கிறார்கள். இரக்கத்தில் பிறந்த பேச்சுத்தான். ஆனால் அந்த இரக்கம் லாபம் தருவது இடைத்தரகருக்கு. ஆந்திரத்து நரசாபுரத்தின் கதை நம் எல்லைக்கு அப்பால் நடந்ததேயாயினும் நமக்கு நெருங்கியது. அங்கே நெடுங்காலமாக ஒருத்தி பூவைப் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைக்க, சரக்கு வெளிநாடு போய்க்கொண்டிருக்கிறது. அது வீட்டுப் பெண்களின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற பாவனையே அற்பக் கூலிக்கு அரணாக நின்றதை, மரியா மீஸ் 1982இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் நிரூபித்துக் காட்டினார். நரசாபுரப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு 2024இல் வந்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அவிழ்த்துத் திருத்தும் கைக்குக் கூலி தரும்படி அது யாரையும் கட்டாயப்படுத்தாது.

இத்தனைக்கும், நேர்த்தியை வேலையின் நடுவிலேயே சோதிக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிய போதனை அன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டுக்குப் போய்வருகிறவர்கள், முதல் பீஸை அளந்து சரி என்று சொல்லாமல் இயந்திரத்தை ஓடவிடமாட்டார்கள் என்பதைப் பிரத்தியட்சமாக அறிந்தவர்கள். கேஜ் பொருந்தாத உதிரிபாகத்துக்கு வண்ணம் பூசி அனுப்பலாம் என்று எந்த மேற்பார்வையாளரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதே பெண்கள் மாலையில் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தால், பத்து சென்டிமீட்டர் சதுர மாதிரி ஒன்றைப் பின்னி எண்ணிப் பார்க்கும்படிகூட அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. முதல் நாளே வாசல் தோரணம், இரண்டாம் வாரம் விற்பனை, மூன்றாம் வாரம் கஞ்சி. அவர்களுடைய புத்திக்கும் கைக்கும் இதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை.

நடத்துகிறவர்கள் மனம் வைத்தால் இதை மாற்றுவது கடினமன்று. முதல் மாதம் விற்பனைச் சரக்கு எதையும் பின்னவேண்டாம். சதுரமும் வட்டமும் மட்டும் பின்னி, எண்ணி, தவறினால் அவிழ்த்து, மறுபடி பின்னட்டும். அந்த மாதத்துக்கும் நாட்கூலி உண்டு என்று பயிற்சிச் செலவில் எழுதட்டும். பரிசுக்கு வரும் பொருள்களை முதல் நாளே அலசி, கஞ்சியின்றி நிழலில் உலர்த்தி, மறுநாள் இரு பக்கமும் புரட்டிப் பார்த்து மதிப்பிடட்டும். பளபளப்பு ஏற்றிய பருத்தி நூல் பலமுறை அவிழ்த்தால் நைந்து மங்கும் என்று ஓர் ஆட்சேபணை வரும், அது உண்மையே. ஆகையால் பழகுவதற்கு மினுமினுப்பில்லாத, விலை குறைந்த பருத்தி நூலை, ஆளுக்கு இரண்டு உருண்டையாக, வகுப்பிலேயே கொடுத்துவிடலாம்.