தினபதியும் கல்முனைக் கரைக் கவிஞரும்

கொழும்பிலிருந்து 1966இல் வெளிவரத் தொடங்கிய ‘தினபதி’ நாளிதழை இலக்கிய வரலாறுகளில் தேடுவோமாயின், கிடைப்பன சில வரிகளே. குணசேன நிறுவனத்தின் சிங்கள மூலதனத்தில், ‘தவச’, ‘சண்’ ஆகியவற்றின் உடன்பிறப்பாக வந்த வணிகப் பத்திரிகை அது. ஆசிரியர், முன்னர் ‘சுதந்திரன்’ நடத்திய எஸ். டி. சிவநாயகம். முற்போக்கு விமர்சகருக்கு உவப்பான பின்னணியன்று.

ஆயினும் அதன் ‘கவிதா மண்டலம்’ தினம் ஒரு கவிதைக்கு இடமளித்தது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் இளைஞர் பலருக்கு அது வாயிலாயிற்று. இதனைப் பெருந்தன்மையென நாம் கொள்வதற்கில்லை. ‘வீரகேசரி’ (1930), ‘தினகரன்’ (1932) ஆகியவற்றோடு போட்டியிட்ட நிறுவனத்துக்குப் புதிய வாசகர் தேவைப்பட்டனர். இலவசக் கல்வி உருவாக்கிய முஸ்லிம் தலைமுறைக்கோ அச்சுமேடை தேவைப்பட்டது. இரு தேவைகளும் அப்பத்தியிற் சந்தித்தன. அன்றாடத் தேவைக்கு எழுதப்படும் கவிதை அன்றே பழையதாகும் அபாயமும் அதிலிருந்தது. கல்முனையிலிருந்து நுஃமான் வெளியிட்ட ‘கவிஞன்’ அந்த அவசரத்துக்குப் புறத்தே நின்றது.

1974இல் அவசரகால விதிகளின்கீழ் அந்நிறுவனத்துக்கு முத்திரையிட்டது, இடதுசாரிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசு. முதலாளித்துவக் குரலொன்று அடங்கியதென ஆறுதல் கொள்வோர், அப்பக்கங்களை நம்பியிருந்த கடற்கரைக் கிராமத்து இளைஞன் இழந்ததையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வர்க்கப் பகைவனின் அச்சகமெனினும், அவனுக்கு வேறு அச்சகம் எதனை நாம் கொடுத்தோம்?

1977இல் பத்திரிகை மீண்டது. 1990இல் நின்றே போயிற்று. அதன் கட்டுகளைப் புரட்டாமல் கிழக்கிலங்கைக் கவிதையின் அறுபதுகளை எங்ஙனம் எழுதுவது?